டபுள் பூட்டும் மாறிப்போன மாத்திரையும்

எங்க அத்தானை தெருவுல யாரும் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. டபுள் பூட்டுன்னு கேட்டாதான் வழி காட்டுவாங்க. பூட்டு ரிப்பேரும் டூப்ளிகேட் சாவியும் அவரு தொழிலு. ஆனா பட்டம் தொழிலால வந்தது இல்ல. வீட்டு வாசல்ல ரெண்டு பூட்டு போடுவாரு. ஒண்ணு திருடனுக்காக. இன்னொண்ணு, மொத பூட்டு மேல அவருக்கு நம்பிக்கை இல்ல. பூட்டிட்டு ஒரு இழு இழுப்பாரு. தெருமுனை வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து இன்னொரு இழு. அவரு இழுத்த இழுப்புக்கு அந்தக் கதவு இந்நேரம் கடலுக்குள்ள போயிருக்கணும். கொத்தனார் புண்ணியத்துல நிக்குது.

முட்டை வாங்கினா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாரு. மழை பெய்யுதுன்னு சொன்னா கைய வெளிய நீட்டிப் பாத்துட்டுதான் நம்புவாரு. எங்க அக்காவ கட்டிக்கிட்ட அன்னிக்கு, பதிவு பண்ற இடத்துல, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேனாவால உள்ளங்கையில கிறுக்கி எச்சில் தொட்டு தேய்ச்சாரு. அழிஞ்சு போற மையான்னு பாத்தாராம். அக்கா அப்பவே எந்திரிச்சு வந்திருக்கலாம். "சரி, இந்த ஆளு என்னைத் தவிர வேற யாரையும் நம்ப மாட்டாரு, அதுவும் ஒரு வகையில நல்லதுதானே"ன்னு உக்காந்துட்டா. அவளையும் நம்பலைங்கறது ஒரு வாரத்துல தெரிஞ்சு போச்சு.

அவரு கடை ஒரு துணி அலமாரி அகலம்தான் இருக்கும். எடது பக்கம் என்னோட பஞ்சர் கடை. வலது பக்கம் மாடிப்படி, மேல டாக்டரம்மா கிளினிக். கடைக்குள்ள சுவரு பூரா ஆணி, ஆணி பூரா இன்னும் பல்லு வெட்டாத வெறுஞ்சாவி. நடுவுல சாவி வெட்டுற மெஷினு. அது கத்துற கத்துல என் கடையில டியூபு தானா காத்து இறங்கும். புருவத்துல எப்பவும் பித்தளைத் தூள் இருக்கும். வெயில் பட்டா தங்கப் புருவக்காரர் மாதிரி மின்னுவாரு.

அவரு சந்தேகத்தையும் சும்மா சொல்லக் கூடாது. ஒருநாள் ஒரு ஆளு தீப்பெட்டியத் திறந்து ஒரு துண்டு சோப்பை எடுத்து நீட்டினான். சோப்புல சாவி அச்சு. "வீட்டு சாவி தொலைஞ்சு போச்சுண்ணே, இதை வச்சு ஒண்ணு வெட்டிக் குடுங்க"ன்னான்.

அத்தான் சோப்பைப் பாத்தாரு, ஆளப் பாத்தாரு. "சாவி தொலையப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு அச்சு எடுத்து வச்ச ஆளை இப்பதான் தம்பி மொத தடவை பாக்குறேன்"னாரு.

அவன் சோப்பையும் விட்டுட்டு, ஒத்தைச் செருப்பையும் விட்டுட்டு ஓடிட்டான். அந்த சோப்பு தீர்ற வரைக்கும் அத்தான் அதுலதான் கை கழுவினாரு.

ஆனா அவரு தொழில்லயும் ஒரு சறுக்கல் உண்டு. ஒரு தடவை தையக்காரம்மா சாவியையும் பள்ளிக்கூட வாத்தியார் சாவியையும் மாத்திக் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க வாசல்ல நின்னு சாவிய திருகு திருகுன்னு திருகி, கடைசியில ரெண்டு பூட்டும் நாசம். அன்னிலேருந்து ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கலர் நூல் கட்டுவாரு. அதோட நிறுத்தினா பரவால்லையே. தானே மாத்திட்டோம்னா ஊருல இருக்கிற அத்தனை பேரும் தினம் எதையாவது மாத்திக்கிட்டுதான் இருப்பாங்கன்னு முடிவுக்கு வந்துட்டாரு. சலவைக்குப் போன சட்டை திரும்பி வந்தா மோந்து பாப்பாரு. இந்த நம்பிக்கைதான் அவரு பொண்ணு தொண்டைய பிடிச்சது.

பொண்ணுக்கு, அதான் என் அக்கா மகளுக்கு, அப்படி ஒரு குரலு. கண்ணாடி டம்ளர்ல ஸ்பூனால தட்டின மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்ற வேலைக்கு ஏகப்பட்ட பேரு போய் வரிசையில நின்னதுல இவளை எடுத்தாங்க. வர்ற திங்கக்கிழமை சேரணும். வீட்டுல பயிற்சி நடந்துச்சு. "பயணிகள் கவனத்திற்கு. சாப்பாடு தயாராக உள்ளது. அப்பா உடனடியாக சமையலறைக்கு வரவும். மாமா வழக்கம் போல அழைக்காமலே வந்துவிட்டார்." மாமான்னா நான்தான்.

அந்த நேரம் பாத்து அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே நாள்ல காய்ச்சலு. ரெண்டு பேருக்கும் தொண்டை வலி. மாடியேறிப் போனாங்க. துணைக்கு நானும் போனேன், பஞ்சர் ஒட்ட யாரும் வண்டி கொண்டு வரல.

டாக்டரம்மா ரெண்டு பேரையும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. பொண்ணு தொண்டை செவந்து, வெள்ளை வெள்ளையா திட்டு. இருமல் இல்ல, மூக்கு ஒழுகல, கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு. அத்தானுக்கு மூக்கு குழாய் மாதிரி ஒழுகுது, இருமினா கீழ என் கடை சுத்தியல் ஆடுது, கண்ணு செவப்பு. ரெண்டு பேரு தொண்டையிலயும் பஞ்சுக் குச்சி விட்டு துடைச்சு எடுத்து, ஆளுக்கொரு குழாய்ல போட்டு தட்டுல வச்சாங்க. அப்ப போன் அடிச்சுது. டாக்டரம்மா ஒரு நொடி திரும்பி போனை எடுத்து, அப்புறம் கூப்பிடறேன்னு வச்சாங்க.

அந்த ஒரு நொடி. அத்தான் கண்ணு குச்சியில இருந்து போனுக்குப் போச்சு, போன்ல இருந்து குச்சிக்கு வந்துச்சு. குச்சியில கலர் நூல் இல்ல.

கொஞ்ச நேரத்துல பரிசோதனை முடிவு வந்துச்சு. "பொண்ணுக்கு பாக்டீரியா. ஆன்டிபயாடிக் எழுதறேன், வலி போயிட்டாலும் பத்து நாளும் விடாம போடணும். உங்களுக்கு வைரஸ். காய்ச்சல் மாத்திரை போதும், வெந்நீர் குடிங்க, தூங்குங்க. தானா போயிடும்"னாங்க டாக்டரம்மா.

"ஒரே வீடு. ஒரே நாளு. ஒரே காய்ச்சலு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"ன்னாரு அத்தான்.

"ரெண்டும் வேற வேற கிருமிங்க. ஒரே நேரத்துல வந்திருக்கு, அவ்வளவுதான்."

"தானா போயிடும்னா அது என்ன வியாதி? விருந்தாளியா?"

"உங்க மச்சானை விட சீக்கிரம் போயிடும்"னாங்க டாக்டரம்மா, என்னைப் பாத்து. வந்த இடத்துல எனக்கு இது தேவைதான்.

கீழ இறங்கறப்பவே அத்தான் என் தோள்பட்டைய பிடிச்சாரு. "மாப்ளே, கவனிச்சியா?"

"எதை?"

"குச்சி மாறிடுச்சு."

"அத்தான், அவங்க நம்ம கண்ணு முன்னாடி தட்டுல..."

"போன் வந்தப்ப திரும்பினாங்கல்ல? யோசிச்சுப் பாரு. இருமி இருமி குடல் வெளிய வர்ற எனக்கு வெந்நீராம். அமைதியா உக்காந்திருக்கிற பிள்ளைக்கு பத்து நாள் மாத்திரையாம்."

நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். இந்த மனுஷன் சந்தேகப்பட்டதையெல்லாம் காதுல போட்டுக்கிட்டா எனக்கு எட்டு காது வேணும்.

வீட்டுல மருந்து எல்லாம் இருக்கிறது அத்தானோட தகரப் பெட்டியில. அதுக்கும் ரெண்டு பூட்டு, சாவி அவரு இடுப்புல. ஏன்னா வர்றவன் போறவன் தலைவலி மாத்திரைய எடுத்து முழுங்கிடறானாம். வர்றவன் போறவன்னு சொல்றப்ப என்னையே பாப்பாரு. பொண்ணுக்கு மாத்திரை வேணும்னா அவருதான் பெட்டியத் திறந்து, அட்டையில இருந்து பிதுக்கி, உள்ளங்கையில வச்சுக் குடுப்பாரு. மொத நாள் ஒழுங்கா குடுத்தாரு. ரெண்டாம் நாள்லேருந்து யாருக்கும் சொல்லாம ஒரு காரியம் பண்ணினாரு. அவளோட ஆன்டிபயாடிக்கை தான் முழுங்கினாரு. தன்னோட காய்ச்சல் மாத்திரைய அவளுக்குக் குடுத்தாரு. ரெண்டும் வெள்ளை, ரெண்டும் நீளம். வாத்தியார் சாவிய வாத்தியாருக்கும், தையக்காரம்மா சாவிய தையக்காரம்மாவுக்கும் திருப்பிக் குடுக்கிற மாதிரி, டாக்டர் மாத்தினதை இவரு சரி பண்றாராம். தேவையில்லாத மருந்துல இருந்து பிள்ளைய காப்பாத்துறேன்னு வேற மனசுக்குள்ள ஒரு பெருமை.

இதுல வேடிக்கை என்னன்னா, அத்தானுக்கு சரியாப் போச்சு. மூக்கு ஒழுகறது நின்னுச்சு, இருமல் அடங்குச்சு. மெஷினை ஓட்டிக்கிட்டே என்கிட்ட, "பாத்தியா மாப்ளே, உடம்பு பொய் சொல்லுமா"ன்னாரு. எதுக்கு சொல்றாருன்னு எனக்கு அப்ப புரியல. ஆனா ஒரு சின்ன சிக்கல். ஒரு சாவிய முழுசா வெட்டி முடிக்க முடியல அவரால. பாதியில மெஷினை நிறுத்திட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாரு. ஒரு நாளைக்கு அவரு ஓடின ஓட்டத்துக்கு பஸ்காரன் டிக்கெட்டு போட்டா வேற நாட்டுக்கே போயிடலாம்.

"நீ வாங்கிட்டு வந்த பன்னுதான் காரணம்"னு என்னை முறைச்சாரு.

"அந்த பன்னை நானும்தான் தின்னேன் அத்தான்."

"நீ டயரைத் தின்னாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது."

பொண்ணு நிலமைதான் கவலையாப் போச்சு. காய்ச்சல் மாத்திரை போட்ட கொஞ்ச நேரம் சூடு குறையும், மறுபடி ஏறும். எச்சில் முழுங்க முடியல. கண்ணாடி டம்ளர் குரலு போய் துருப்பிடிச்ச கேட்டு குரலு வந்துச்சு, அப்புறம் அதுவும் போய் வெறும் காத்து. வெள்ளிக்கிழமை அக்கா என் கடைக்கே வந்து நின்னா. "திங்கக்கிழமை வேலையில சேரணும்டா. பிள்ளை பேசவே மாட்டேங்குது. மாத்திரை ஒழுங்காத்தானே போகுது?"

அத்தான் மெஷினை நிறுத்தினாரு. முகம் ஒரு மாதிரி ஆச்சு. குச்சி மாறினது நிஜம்னா, பிள்ளைக்கு இந்நேரம் தானா போயிருக்கணுமே. ஆனா சந்தேகக்காரன் தன்னை சந்தேகப்படறதுக்கு முன்னாடி ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு வருவான். நேரா மருந்துக் கடைக்குப் போனாரு. "நீ குடுத்த காய்ச்சல் மாத்திரை போலி"ன்னாரு.

மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, "போலின்னு எப்படி சொல்றீங்க? உங்களுக்குத்தான் சரியாயிடுச்சே"ன்னாரு.

அத்தான் வந்த வழியே திரும்பிட்டாரு. மொத நாளைக்கு அப்புறம் அவரு அதுல ஒண்ணைக் கூட போடலையே.

பொண்ணைக் கூட்டிக்கிட்டு மறுபடி மாடியேறினோம். டாக்டரம்மா டார்ச் அடிச்சதும் முகம் மாறிடுச்சு. "மாத்திரை விட்டுட்டியாம்மா?"

அவ இல்லன்னு தலைய ஆட்டினா. அக்காதான் பேசினா. "ஒரு வேளை கூட விடல டாக்டர். அவங்க அப்பா கையாலதான் குடுக்கிறாரு. வேற யாரும் எடுக்கவே முடியாது, ரெண்டு பூட்டு போட்டு சாவிய இடுப்புல வச்சிருக்காரு."

இதைச் சொல்லி முடிக்கல, அத்தான் நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு. கழிவறை எங்கன்னு கேட்டாரு. வந்து உக்காந்தாரு. மறுபடி எந்திரிச்சாரு. டாக்டரம்மா பேனாவ மூடி வச்சுட்டு அவரு போறதையும் வர்றதையும் பாத்தாங்க. சோப்பு ஆசாமிய அத்தான் பாத்த பார்வைய நான் அன்னிக்கு டாக்டரம்மா கண்ணுல பாத்தேன்.

"உங்களுக்கு வயிறு எப்பலேருந்து இப்படி?"

"இவன் பன்னு வாங்கிட்டு வந்ததுலேருந்து."

"பொண்ணுக்கு இந்த மாத்திரைய ஆரம்பிச்ச மறுநாள்லேருந்தா?"

வீட்டுல அந்த மாத்திரைய யாரு எடுத்திருக்க முடியும்? ரெண்டு பூட்டு, ஒரே இடுப்பு. ஊரையே சந்தேகப்பட்ட ஆளு, கடைசியில சந்தேகப்பட வேற ஆளே இல்லாத ஒரு அறையில வந்து உக்காந்திருக்காரு.

"குச்சி மாறிடுச்சுன்னு நெனச்சேன்"னாரு, மெதுவா. மிச்சத்தையும் சொல்லிட்டாரு.

அக்கா தன் நாற்காலிய அவருகிட்ட இருந்து தள்ளிப் போட்டுக்கிட்டா. அது திட்டினதை விட மோசம். டாக்டரம்மாவும் கத்தல. தட்டுல இருந்த ஒரு குழாயை எடுத்து அதுல ஒட்டியிருந்த பேருச் சீட்டைக் காமிச்சாங்க. "துடைக்கிறதுக்கு முன்னாடியே குச்சி வைக்கிற குழாய்ல பேரு ஒட்டிடுவோம். நீங்க போனைப் பாத்தீங்க, குழாயைப் பாக்கல. போகட்டும். ஏன் மாத்திரை வேற வேறன்னு நான்தான் அன்னிக்கே விளக்கியிருக்கணும். பாக்டீரியான்னா ஒரு தனி ஆளு. பொடிசுதான், ஆனா முழு உயிரு. தனக்குன்னு சுவரு, தனக்குன்னு சாப்பாடு, எல்லாம் வச்சிருக்கும். தானே ரெண்டா பிரிஞ்சு பெருகும். உங்க பொண்ணுக்குக் குடுத்த மாத்திரை அந்த சுவரை உடைக்கும். வைரஸ் அதை விட ரொம்ப ரொம்பச் சின்னது. அதுக்கு சுவரும் கிடையாது, அடுப்பும் கிடையாது. தனியா விட்டா அதால பெருகவே முடியாது. நம்ம உடம்புல இருக்கிற உயிரணுவுக்குள்ள பூந்து, அங்க இருக்கிற சாமானை வச்சே தன்னை மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சுக்கும்."

அத்தான் தலைய நிமித்தினாரு. "அதாவது, சொந்தமா கடையோ மெஷினோ இல்ல. அச்சை மட்டும் சோப்புல எடுத்துட்டு வந்து, என் கடையில பூந்து, என் மெஷின்லயே சாவி வெட்டிக்கிறவன்."

"கிட்டத்தட்ட அப்படித்தான். இப்ப சொல்லுங்க, சுவரை உடைக்கிற மாத்திரைய வச்சு அவனை என்ன பண்றது?"

"அவனுக்கு சுவரு ஏது? இருக்கிறது என் கடை சுவரு."

"அதான். அவனைக் கண்டுபிடிச்சு வெரட்டுறது உங்க உடம்போட காவக்காரங்க வேலை. அவங்க அதை பண்ணிட்டாங்க. மாத்திரை போட்டாலும் போடாட்டாலும் அதே நாள்லதான் உங்களுக்கு சரியாயிருக்கும். சில வைரஸுக்கு தனி மருந்து உண்டு, தடுப்பூசி உண்டு. இந்த சளி ஆசாமிக்கு வெந்நீரும் தூக்கமும் போதும்."

"அப்ப என் வயிறு?"

"வயித்துல நமக்காக வேலை பாக்கிற நல்ல பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்கு. திருடன் இல்லாத வீட்டுல மருந்தை அனுப்பினீங்க. அது வேலைக்காரங்களை அடிச்சுப் போட்டுடுச்சு."

பன்னு மேல பழி போட்டதுக்கு யாராவது என்கிட்ட வருத்தம் சொல்வாங்கன்னு சுத்தி முத்தி பாத்தேன். ஒருத்தரும் சொல்லல.

டாக்டரம்மா குரலு அப்புறம்தான் கடுமையாச்சு. "இந்தத் தொண்டைக் கிருமிய அரைகுறையா விட்டா மூட்டு, இதயம் வரைக்கும் போய் வம்பு பண்ணும். இன்னிக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். திங்கக்கிழமை இவ பேசக் கூடாது."

பொண்ணு அப்பாவைப் பாத்து வாயசைச்சா. சத்தம் வரல. "வேலை"ங்கறது மட்டும் உதட்டுல தெரிஞ்சுது.

அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம், நானும் அத்தானும். டிக்கெட் கவுண்டருக்குப் பின்னாடி மேலாளர் அறை. ஆறிப்போன டீ, மேல பால் ஆடை. அத்தான் விஷயத்தைச் சொல்லி ஒரு வாரம் அவகாசம் கேட்டாரு.

மேலாளர் நிமிரவே இல்ல. "சேர்ற நாள் வந்தா எல்லாருக்கும் தொண்டை வலி வருது. எதை வச்சு நம்பறது?"

"டாக்டர் சீட்டு இருக்குங்க."

"சீட்டு யாரு வேணா வாங்கலாம்."

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு குலுங்குது. இது அத்தான் வாயில இருந்து நான் பத்தாயிரம் தடவை கேட்ட வசனம். அடுத்தவன் வாயில இருந்து வர்றப்ப எப்படி இருக்கும்னு அவருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. காதெல்லாம் செவந்துடுச்சு. நல்லதா ஒரு பொய் சொல்லித் தப்பிப்பாருன்னு பாத்தேன். அவரு சட்டை நுனிய முறுக்கிக்கிட்டே சொன்னாரு.

"அவளுக்கு டாக்டர் குடுத்த மாத்திரைய நான் முழுங்கிட்டேங்க. என்னோடதை அவளுக்குக் குடுத்தேன். டாக்டர் மாத்திட்டாங்கன்னு சந்தேகம். இப்ப அவளுக்குத் தொண்டை போச்சு, எனக்கு வயிறு போச்சு. உங்க கழிவறை எந்தப் பக்கம்?"

மேலாளர் இப்பதான் நிமிர்ந்தாரு. பேனாவ கீழ வச்சாரு. அத்தானை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. "காலண்டருக்கு அடுத்த கதவு"ன்னாரு. அத்தான் போனதும் என்கிட்ட, "இருவது வருஷமா பொய் கேக்கிறேன். இப்படி ஒண்ணை யாராலயும் கற்பனை பண்ண முடியாது. அடுத்த திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு நாளும் காத்திருக்க மாட்டேன்"னாரு.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் இடுப்புல இருந்து பெட்டிச் சாவி ரெண்டையும் அவுத்து, பொண்ணு கழுத்துல செவப்பு நூல்ல மாட்டிவிட்டாரு. மாத்திரைய அவளே எடுத்துக்கிட்டா. இவரு எட்ட நின்னு பாத்தாரு. குரலு துளித்துளியா திரும்பி வந்துச்சு. மொதல்ல துருப்பிடிச்ச கேட்டு, அப்புறம் எண்ணெய் போட்ட கேட்டு, அப்புறம் டம்ளரு. குரலு வந்த பிறகும் மாத்திரைய நிறுத்தல. ஒவ்வொரு தடவையும் அட்டைய அப்பா மூக்குக்கு நேரா நீட்டி, "இது யாருது?"ன்னு கேப்பா. "உன்னுது"ன்னு அவரு சொன்னாத்தான் முழுங்குவா.

அந்த திங்கக்கிழமை அத்தான் கடையத் திறக்கல. என்னையும் இழுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு போய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழ நின்னாரு. குரலு வந்துச்சு. அஞ்சாவது மேடையில வண்டி நிக்குது, ஏறுங்கன்னு. பயணிங்க பையத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அத்தானைப் பாத்தேன். நெத்திய சுருக்கி ஒலிபெருக்கியவே பாத்துக்கிட்டிருந்தாரு.

"மாப்ளே, இது அவதானா? பதிவு பண்ணி வச்சதைப் போடறாங்களோ?"

"அத்தான், வேணாம்."

கேக்கல. அறிவிப்பு அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதுல போய் மூக்கு சப்பையாகிற மாதிரி முகத்தை ஒட்டினாரு, உதடு அசையுதான்னு பாக்க. உள்ள பொண்ணு ஒருமுறை திரும்பிப் பாத்தா. திரும்பி மைக்கைப் பிடிச்சா.

"பயணிகள் கவனத்திற்கு. அறிவிப்பு அறை ஜன்னலில் மூக்கை வைத்திருக்கும் பெரியவர், கண்ணாடியை விட்டு விலகி நிற்கவும். அவரோடு வந்த மாமா அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லவும்."

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச்சு. அத்தான் கண்ணாடியை விட்டு வந்தாரு. மூக்கு நுனியில தூசி.

"அவதான்"னாரு.

கொஞ்ச தூரம் நடந்தப்புறம் நின்னாரு. வீட்டை ஒழுங்கா பூட்டினோமான்னு கேக்கப் போறாருன்னு நெனச்சேன். திரும்பி ஒலிபெருக்கியப் பாத்து, அடுத்த வண்டிக்கான அறிவிப்பு முடியற வரைக்கும் கேட்டுட்டுதான் கால எடுத்து வச்சாரு.